முந்திக்கொண்ட கை

காபி டம்ளரை எடுக்க வேண்டும் என்று சடகோபன் நினைப்பதற்கு முன்பே கை அதை எடுத்துவிட்டிருந்தது.

பெரிய விஷயமில்லை. ஐப்பசி மாதத்து விடிகாலை. ராத்திரி பெய்த மழை முற்றத்து ஓட்டிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் காபிக்கொட்டை வறுக்கிற வாசனையும், கொள்ளிடத்துப் பக்கமிருந்து வருகிற சேற்று வாசனையும் ஒன்றாய்க் கலந்து கூடத்துக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருந்தன. சித்திரை வீதியில் பால்காரனின் மாடு கழுத்து மணியை ஆட்டியபடி நின்றது. அவர் மனசு கல்லூரியில், முதல் வகுப்பில் இருந்தது. கை பாட்டுக்கு டம்ளரைத் தூக்கி, அண்ணாந்த வாயில் ஊற்றி, இரண்டு மடக்கு முடித்தும்விட்டது. மூன்றாவது மடக்கு தொண்டையில் இறங்கும்போதுதான் ‘காபி ஆறுகிறதே, குடிக்கலாமே’ என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

ஞாபகமில்லாமல் ஒரு காரியத்தைச் செய்துவிட்டுப் பிறகு உணர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். இது அப்படி இல்லை. எண்ணம் வந்தது, வழக்கம்போல முழுசாக வந்தது, ஆனால் புறப்பட்டுவிட்ட பஸ்ஸைத் துரத்திக்கொண்டு வருகிறவன் மாதிரி வந்தது.

“சூடு போறுமான்னா?” என்று சமையலுள் வாசலில் நின்று கேட்டாள் வைஜயந்தி.

“போறும்” என்றது வாய். சொன்ன பிறகுதான் போதும் என்று அவருக்குத் தோன்றியது.

சடகோபனுக்கு இதில் பயம் வரவில்லை. குஷிதான் வந்தது. ஏனென்றால் இது அவருடைய பாடம்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் அவர் தத்துவ ஆசிரியர். நம்முடைய தத்துவம் இல்லை. அதை ஸ்ரீரங்கத்தில் யாரைத் தடுக்கி விழுந்தாலும் சொல்லிவிடுவார்கள், அதற்குச் சம்பளம் எதற்கு என்பது அவர் கட்சி. அவருடையது முந்நூறு வருஷத்துக்கு முந்தின ஐரோப்பாவின் தத்துவம். மனசு வேறு, உடம்பு வேறு. மனசுக்கு இடமும் கிடையாது எடையும் கிடையாது. உடம்பு வெறும் யந்திரம் என்று சொன்ன பிரெஞ்சுக்காரர். இடமே இல்லாத மனசு எடையுள்ள கையை எப்படித் தூக்கும் என்று கடிதம் எழுதி அவரைத் திணற அடித்த ஒரு ராஜகுமாரி. மனசு கையைத் தூக்குவதே இல்லை, இரண்டும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்துவைத்த இரண்டு கடிகாரங்கள், தனித்தனியாக ஓடுகின்றன, பார்க்கிறவனுக்குத்தான் ஒன்று மற்றதை ஓட்டுவதாகத் தெரிகிறது என்று முடித்துவைத்த ஜெர்மன்காரர். இவர்களையெல்லாம் தம்முடைய பங்காளிகளைப் போல உரிமையோடு பேசுவார்.

“மிருகத்துக்கு மனசே இல்லைங்கறீங்க. நாயை உதைச்சா கத்துதே சார்?” என்று வருஷாவருஷம் ஒரு மாணவன் கேட்பான்.

“கிணத்து ராட்டினமும்தான் கத்தறது. அதுக்கு வலிக்கறதா?” என்பார். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்புக்காகவே அவர் அந்தக் கேள்விக்குக் காத்திருப்பார்.

ஆகவே ஐம்பத்தெட்டாம் வருஷத்து அந்த ஐப்பசியில், தம்முடைய இரண்டு கடிகாரங்களில் ஒன்று லேசாக முந்துகிறது என்று கண்டுகொண்டபோது, மனிதர் பஸ்ஸில் உட்கார்ந்து தனக்குள் சிரித்துக்கொண்டார். காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கீழே செம்புழுதி நிறத்தில் ஆறு. ஈரக்காற்றில் யாரோ ஒருத்தியின் கூடை மீன் வாசனை. தூரத்தில் மலைக்கோட்டை, பாதி மேகத்துக்குள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்து, ‘இனிமேல் இறங்க வேண்டும்’ என்று அவர் நினைத்தபோது கால் ஏற்கெனவே மெயின்கார்டு கேட் வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது.

கார்த்திகை பிறப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.

இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. வகுப்பில் சுண்ணாம்புக்கட்டி கரும்பலகையில் எழுதி முடித்ததைப் படித்துத்தான் தாம் என்ன சொல்ல நினைத்தோம் என்று அவர் தெரிந்துகொண்டார். தொண்டை ஒரு வாக்கியத்தைச் சொல்லும். கொஞ்ச நேரம் கழித்து அந்த வாக்கியம் அவருக்குத் தோன்றும். அதற்குள் தொண்டை அடுத்த வாக்கியத்தில் இருக்கும். மாணவர்கள் முன்னைவிடக் கவனமாகக் கேட்டார்கள். கடைசிப் பெஞ்சில்கூட யாரும் தூங்கவில்லை. தம்முடைய வகுப்பிலேயே மிகவும் பின்தங்கிய மாணவன் தாம்தான் என்பது சடகோபனுக்கு ஒரு மத்தியானம் உறைத்தது.

ஒருமுறை சோதித்துப் பார்த்தார். ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தபோது, மேஜைமேல் கிடந்த வலது கையைப் பார்த்து, ‘தூக்கு’ என்று முழு மூச்சாக நினைத்தார். கை கிடந்தது. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது, வெளியே ஏதோ வகுப்பு முடிந்து செருப்புச் சத்தம் மழை மாதிரி வராந்தாவைக் கடந்து போனது, மேஜையின் பழைய மர வாசனையும் மசி வாசனையும் மூக்கில் ஏறின, கை அப்படியே கிடந்தது. பிறகு, அவர் அலுத்து நினைப்பை விட்ட நேரத்தில், சுண்டுவிரல் மட்டும் மேலே எழுந்து, மேஜையை மெதுவாகத் தட்டியது.

பொறுமையில்லாத ஒருவர் காத்திருக்கும்போது தட்டுவாரே, அப்படி.

தர்க்கம் கற்பிக்கும் அடைக்கலம் அப்போது எதிரே வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், இரண்டு பேருக்கும் ஒரே துறை. இவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று சடகோபன் தீர்மானித்தார். எனக்கு என்னவோ ஆகிவிட்டது, டாக்டரிடம் அழைத்துப்போங்கள் என்று சொல்ல வேண்டும். வார்த்தைகளைத் தயார் செய்து, அடுக்கி, தொண்டையை நோக்கித் தள்ளினார்.

“அடைக்கலம், உங்க பொண்ணுக்கு இப்ப இருமல் தேவலையா?” என்றது வாய்.

அடைக்கலத்தின் முகம் மலர்ந்துபோனது. “அடடே, ஞாபகம் வச்சிருக்கீங்களே சார். தேவலைங்க. ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? முன்னெல்லாம் உங்ககிட்ட பேசவே எல்லாருக்கும் பயமா இருக்கும். இப்பத்தான் நீங்க மனுஷனா இருக்கீங்க.”

“பகவத் கிருபை” என்று சிரித்தது அது.

அன்றிலிருந்துதான் சடகோபன் அதை ‘அது’ என்று நினைக்க ஆரம்பித்தார்.

எங்கே பிசகினோம் என்பது அவருக்கு ஒரு சாயங்காலம் கிணற்றடியில் தெரிந்தது.

அவருக்குப் பூணூல் போட்ட நாளிலிருந்து சந்தியாவந்தனத்தை விட்டதில்லை. ஊர் வாய்க்குப் பயந்துதான். சித்திரை வீதியில் குடியிருந்துகொண்டு விட முடியாது. ஆனால் செய்தது கை. சொன்னது வாய். மனசு ஒரு நாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாய் நாமங்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மனசு மறுநாள் வகுப்பைத் தயார் செய்யும். விரல்கணு எண்ணிக்கொண்டிருக்கும்போது மனசு ஜெர்மன்காரரோடு சண்டை போடும். வைஜயந்திகூட ஒருதரம் சொல்லியிருக்கிறாள்: “உடம்பு மட்டும் பண்றது. அப்போ பலனும் அதுக்குத்தானே போகும்?” மனைவியின் பேச்சுக்குப் பதில் சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது.

அன்று மாலை, முதல்முறையாக, அவர் கவனித்தார். வேறு வேலை இல்லை, கவனிக்கத்தான் முடிந்தது. துளசி மாடத்தில் விளக்கு இன்னும் ஏற்றவில்லை. கிணற்றுச் சுவரில் பாசி ஈரமாகப் பளபளத்தது. கோயில் பக்கமிருந்து நாகஸ்வரம் காற்று வாக்கில் வந்து வந்து போனது. உடம்பு ஈர வேட்டியோடு மேற்கே பார்த்து நின்று, தண்ணீரை ஏந்தி, தெளிவாக, அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்தையும் ருசித்துச் சொல்லிற்று. எந்தக் கர்மத்தைத் தொடங்கினாலும் அவர்கள் குடும்பங்களில் சொல்கிற ஒரு வாசகம் உண்டு: இதைச் செய்கிறவன் நான் இல்லை, செய்கிறதும் பலனும் உனக்கே. பகவானைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. இத்தனை வருஷம், வேளைக்கு வேளை, அந்த வாசகத்தை வாய் சொல்லியிருக்கிறது. யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டிய மனசு வீட்டில் இல்லை. செய்கிறவன் நான் இல்லை, நான் இல்லை, நான் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபடியே இருந்திருக்கிறார். வாங்கிக்கொண்டது யார்?

அவருக்கு நிறுத்த வேண்டும் என்றிருந்தது. நிறுத்து, நிறுத்து என்று உள்ளே கத்தினார். உடம்பு நிறுத்தவில்லை. ஜபம் முடிந்தது. கடைசியில் இரண்டு காதையும் தொட்டுக்கொண்டு, குனிந்து, கோத்திரத்தையும் சூத்திரத்தையும் சொல்லி, இன்ன பெயருள்ள நான் வணங்குகிறேன் என்று தன் பெயரைச் சொல்லி நமஸ்கரிக்க வேண்டும். கோத்திரம் சரியாக இருந்தது. சூத்திரம் சரியாக இருந்தது.

பெயர் வேறு.

சடகோபன் அந்தப் பெயரை எங்கும் கேட்டதில்லை. மனிதர்கள் வைக்கிற பெயர் மாதிரியே இல்லை. கனமான எதையோ தண்ணீருக்குள் போட்டால் வருகிற சத்தம்போல இருந்தது. அதைச் சொல்லிவிட்டு உடம்பு ஈரத் தரையில் நெடுக விழுந்து, வெகுநேரம் நன்றியோடு கிடந்தது. நாகஸ்வரம் நின்றுபோயிருந்தது.

நம் ஆசாரியர்கள் உடம்புக்கு ஒரு இலக்கணம் சொல்வார்கள். எது இன்னொன்றைத் தாங்குகிறதோ, ஏவுகிறதோ, தன் காரியத்துக்காகவே வைத்துக்கொள்கிறதோ, அது ஆத்மா, தாங்கப்படுவது உடம்பு. சின்ன வயசில் காதில் விழுந்தது, அவர் சட்டை செய்ததில்லை. இப்போது அந்த இலக்கணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் கணக்கு ஒரே மாதிரி வந்தது. உடம்பு இப்போது அவர்தான்.

மார்கழியில் அது வைஜயந்தியோடு பேசத் தொடங்கியது.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வரும்போது கோபுர வாசலில் கதம்பம் வாங்கி, வாழையிலையில் சுற்றி, கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தது. சமையலுள்ளில் மணை போட்டு உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுத்தது. அவள் பிறந்த வீட்டைப் பற்றிக் கேட்டது. சாத்துமுது நன்றாக இருக்கிறது என்றது. பதினைந்து வருஷ தாம்பத்யத்தில் அவள் வைத்த ரசம் நன்றாக இருப்பதாக அந்த வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. முதலில் அவள் மிரண்டாள். இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்ப்பாள். பிறகு மிரள்வது குறைந்தது.

சடகோபனுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அவள்தான். வேறு யார் கண்டுபிடிப்பார்கள்? கட்டினவள். அவள் ஒருத்திக்கு மட்டும் இது நான் இல்லை, நான் உள்ளே கிடக்கிறேன் என்று தெரிந்துவிட்டால் போதும். பெருமாள் சன்னதிக்கோ, டாக்டரிடமோ, மந்திரவாதியிடமோ எங்கேயாவது இழுத்துக்கொண்டு போவாள், அழுவாள், ஊரைக் கூட்டுவாள், எப்படியாவது தம்மை மீட்டுவிடுவாள். இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தாம் அவளுக்கு என்ன செய்திருக்கிறோம் என்று எண்ணிப்பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

அதையும் உடம்பே எண்ணிப்பார்த்தது.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்த ஒரு மாலை. தெருவெல்லாம் மிதிபட்ட வாழையிலை அழுகும் வாசனை. கூடத்தில் அவள் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். உடம்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. திடீரென்று இடது கையை மடக்கி, மார்போடு சேர்த்து, எதையோ ஏந்தியிருக்கிற மாதிரி வைத்துக்கொண்டது.

“பூமா இவ்வளவு கனம் இருப்பா” என்றது. “தூங்கிட்டா இன்னும் கொஞ்சம் கனம்.”

வைஜயந்தியின் விரலில் நார் நின்றுபோனது.

பூமா அவர்கள் பெண். மூன்று வயசில் மூளைக்காய்ச்சல் வந்து போனவள். அந்தச் சாயங்காலம் முழுக்கக் குழந்தை தலையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. தெருக்கோடி வரை கேட்டது. வைஜயந்தி டாக்டரை அழைத்துவரச் சொல்லி அவர் காலைப் பிடித்தாள். சடகோபனுக்கு மறுநாள் ஒரு பெரிய சபையில் பிரசங்கம். கத்துவது நரம்பு, உடம்பின் சத்தம், ஆத்மாவுக்கு ஒன்றும் இல்லை, காலையில் பார்க்கலாம் என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். காலையில் வீடு அமைதியாக இருந்தது. அமைதி நல்லதற்குத்தான் என்று நினைத்துப் பல் தேய்க்கப் போனார். வைஜயந்தி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவள் சமாதானமாகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது உடம்பு அழுதது. தோள் குலுங்கி, மூக்கு ஒழுகி, வெறும் கையை ஆட்டி ஆட்டி அழுதது. அந்தக் கைக்குக் குழந்தையின் கனம் இத்தனை வருஷமும் ஞாபகம் இருந்திருக்கிறது. வைஜயந்தி அதன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளும் அழுதாள். சடகோபன் உள்ளேயிருந்து அதைப் பக்கத்து வீட்டு ஒப்பாரி மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அழுகை வரவில்லை. கண்ணீர் இப்போது நம் வசம் இல்லையே என்று சமாதானம் செய்துகொண்டார். வசம் இருந்தபோதும் வந்ததில்லை என்பது உடனே ஞாபகம் வந்தது.

தை பிறந்தது. வாசனைகள் போயின.

முதலில் காபி. பிறகு பூ, மழை, மண், மசி. ருசி போயிற்று, உடம்பு சர்க்கரைப் பொங்கலை நெய் வழிய வழியச் சாப்பிட்டு ஏப்பம் விட்டது, அவருக்கு ஏதோ வாய்க்குள் அசைகிறது என்பது மட்டும் தெரிந்தது. பனிக்குக் கம்பளியின் கதகதப்பு வரவில்லை. வைஜயந்தி தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டால் அவள் விரல் தெரியவில்லை. சுகம் ஒவ்வொன்றையும் உடம்பு தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது.

வலியை வைத்துக்கொள்ளவில்லை.

அது அவரிடம் வந்தது. கடைவாய்ப் பல் சொத்தையாகி ஈறு வீங்கியபோது உடம்பு முறுக்கு கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் உள்ளே சுருண்டார். நிலைப்படியில் கால் விரல் இடித்து நகம் பெயர்ந்தபோது உடம்பு நொண்டக்கூட இல்லை, நேராக நடந்தது, ஒவ்வொரு அடியும் அவருக்கு. பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை. கத்த வாய் இல்லை. புரண்டு படுக்க முதுகு இல்லை. வலி மட்டும் இருந்தது, சுவரில்லாத ஓர் அறையில்.

அதில் ஒன்றைக் கண்டுபிடித்தார். நகம் பெயர்ந்த அன்று, வலி உச்சிக்கு ஏறினபோது, இடது கண்ணில் நீர் கட்டியது. வலது கண் சிரித்துக்கொண்டிருந்தது. இடது கண் மட்டும்.

அது உடம்பின் கண்ணீர் இல்லை. தம்முடையது. எங்கேயோ ஒரு மூலையில், உடம்பு சாத்த மறந்த ஒரு சின்ன ஜன்னல். பெரிய வலி வந்தால் அது திறக்கும். வைஜயந்தி பக்கத்தில் இருக்கும்போது வந்தால் அவள் பார்ப்பாள். சிரிக்கிற முகத்தில் ஒற்றைக் கண் அழுவதைப் பார்த்தால், கட்டினவளுக்குத் தெரியாமல் போகுமா?

வலி வேண்டும் என்று சடகோபன் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார். மனம் ஒன்றி, ஒவ்வொரு வேளையும். வாழ்நாளில் அவர் உண்மையாகச் செய்த முதல் பிரார்த்தனை அது.

பலித்தது.

விளக்கு வைக்கிற நேரம். சமையலுள்ளில் கரியடுப்பு மட்டும் வெளிச்சம். மேலே புகைபோக்கியில் ஏதோ குருவி சிறகடித்தது. வைஜயந்தி தாளிக்க இரும்புக் கரண்டியை அடுப்பில் வைத்திருந்தாள். உடம்பு மணையில் உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தது. நார் விரலில் சுற்றிக்கொள்ளும் சத்தம். அரிவாள்மணையின் சத்தம். அவள் கரண்டியை எடுத்துத் திரும்பினாள். புடவைத் தலைப்பு வழுக்கியது. கரண்டி பிசகி, உடம்பின் முன்கையில் உட்கார்ந்தது.

உஸ்.

அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது. அவள் மூக்கு சுளிப்பது தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. வலி. முழுக்க. வெள்ளையாக.

“ஐயோ, ஐயோ” என்றாள் அவள்.

“பரவாயில்லை வைஜா” என்றது அது. நறுக்குவதை நிறுத்தவில்லை. “எனக்கு ஒண்ணும் ஆகலை.”

அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்தாள். நின்றாள். முகத்தைப் பார்த்தாள்.

இடது கண் நிறைந்தது. வழிந்தது.

பார், பார், பார் என்று அவர் கத்தினார். நான்தான். நான்தான் வைஜயந்தி.

செம்பைக் கீழே வைத்தாள். அகல் விளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு வந்து எதிரே குந்தினாள். விளக்கை அந்தக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தாள். சுடரில் அவள் முகம் மஞ்சளாக, மிகப் பெரிதாக இருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

“வலிக்கறதா?” என்று கேட்டாள்.

“எனக்கா?” என்றது உடம்பு. அன்பாகச் சொன்னது. “எனக்கு இல்லையே. வலியெல்லாம் அவருக்குத்தான்.”

அவள் ஆச்சரியப்படவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்ததை யாரோ உறுதி செய்த மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டினாள். பிறகு இன்னும் குனிந்து, கதவிடுக்கில் பேசுகிற மாதிரி, அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்து ரகசியமாகக் கேட்டாள்.

“ஏன்னா. உள்ளே இருக்கேளா?”

இன்னொரு சொட்டு விழுந்தது.

கண்டுகொண்டாள். சடகோபனுக்குள் ஏதோ உடைந்து பொங்கியது. சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட அவள்மேல் வராத பிரியம் அப்போது வந்தது. அவள் புடவைத் தலைப்பால் அந்தக் கண்ணை ஒற்றி எடுத்தாள், நன்றாகத் தெரிய வேண்டும் என்பதுபோல. விளக்கைப் பக்கத்தில் வைத்தாள். எழுந்து போய்ச் சமையலுள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்து அடுப்பெதிரே உட்கார்ந்து, கரியைக் கிளறி, விசிறியை எடுத்து வீச ஆரம்பித்தாள். சாம்பல் பறந்தது. கரி கண் விழித்தது.

கரண்டியை நெருப்பில் வைத்தாள்.

உடம்பு அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிற்று. வாழைத்தண்டுப் பாத்திரத்தைச் சிந்தாமல் நகர்த்தி வைத்தது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் கையை இன்னும் மேலே ஏற்றிச் சுருட்டிவிட்டு, கையைத் தொடைமேல் மல்லாத்தி நீட்டிக்கொண்டது.

கரண்டி சிவக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.